முப்பத்தெட்டரைப் புள்ளி

ஆகஸ்ட் கடைசி வாரம் வந்தால் ஹார்லன் டிட்மோருக்குக் கை நமநமக்க ஆரம்பித்துவிடும். அலபாமாவில் அந்த வாரத்தில் கை நமநமக்காத ஆண்பிள்ளையைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். கல்லூரி ஃபுட்பால் தொடங்குகிறது என்றால் எங்கள் பக்கத்தில் கல்யாணத் தேதியையே தள்ளிவைப்பார்கள். முக்கியமான ஆட்டத்தன்று ஒரு கிழவர் போய்ச் சேர்ந்தபோது, அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் ஒரு காதில் ரேடியோ மாட்டிக்கொண்டுதான் நின்றார்கள். கிழவரே அதைத்தான் விரும்பியிருப்பார் என்று அவர் பெண்டாட்டியே சொன்னாள்.

மற்றவர்களுக்கு அந்த நமநமப்பு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தால் அடங்கிவிடும். ஹார்லனுக்கு அடங்கவேண்டுமென்றால் ஸ்டப்ஸ் டயர் கடைக்குப் போகவேண்டும். ஸ்டப்ஸ் முன்பக்கம் டயர் விற்பான், பின்னறையில் பந்தயம் வாங்குவான். மாநிலச் சட்டப்படி அது குற்றம். ஷெரீஃபின் மைத்துனனே அங்கேதான் கட்டுகிறான் என்பதால் சட்டம் அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை.

ஹார்லனுக்கு ஐம்பத்து மூன்று வயது. வீட்டு முற்றங்களில் நிற்கும் எரிவாயுத் தொட்டிகளுக்கு லாரியில் போய் வாயு நிரப்புகிற வேலை. மூன்று மாவட்டங்களில் எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் சும்மா குரைக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. குடிக்கமாட்டார், சீட்டைத் தொடமாட்டார், லாட்டரி வாங்குகிறவனைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். கல்லூரி ஃபுட்பால் மட்டும் சூது கிடையாது, அது அறிவு என்பது அவர் கட்சி. சூதாடிகள் எல்லோருக்கும் இப்படி ஒரு கட்சி இருக்கும்.

பந்தை இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடும் இந்த ஆட்டத்தில் யார் ஜெயிப்பார் என்று கட்டுவதில் சுவாரசியம் இல்லை. எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிப்பார் என்பதுதான் பந்தயம். வித்தியாசத்தை முன்கூட்டியே ஒருவன் போட்டுவிடுவான், சமமாக வந்து நிற்காமலிருக்க அரைப் புள்ளியும் சேர்ப்பான். அதற்கு மேலே போகுமா போகாதா என்று கட்டவேண்டும். ஹார்லனின் நம்பிக்கையெல்லாம் செப்டம்பர்மேல்தான். செப்டம்பரில் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்பார். போன வருஷத்துப் பெருமையை வைத்து இந்த வருஷத்துக்குத் தரவரிசை போடுகிறார்கள், பாதிப் பையன்கள் கல்லூரி மாறிப் போயிருக்கிறார்கள், வித்தியாசம் போடுகிறவனே குருட்டாம்போக்கில் போடுகிறான். கண்ணைத் திறந்து வைத்திருப்பவனுக்கு இதுதான் மாசம் என்பார். அவர் கண்ணைத் திறந்து வைத்திருந்தும் முப்பது செப்டம்பரில் எத்தனை முறை கை நிறைந்தது என்று நெல்டாவைக் கேட்டால் சொல்லுவாள். நெல்டா அவர் மனைவி, தொடக்கப் பள்ளியின் மதிய உணவுக் கூடத்தில் வேலை பார்க்கிறவள்.

செப்டம்பரில் இன்னொரு வழக்கம் உண்டு. பெரிய பல்கலைக்கழகங்கள் சின்னக் கல்லூரிகளுக்குப் பெரிய தொகைக்குக் காசோலை எழுதிக் கொடுத்து, எங்கள் மைதானத்துக்கு வந்து உதை வாங்கிக்கொண்டு போங்கள் என்று கூப்பிடும். சின்னக் கல்லூரிக்காரர்கள் வாங்கிய உதையில் வருஷச் செலவை ஓட்டுவார்கள். இந்த ஆட்டங்களுக்கு வித்தியாசம் முப்பது, நாற்பது என்று இருக்கும். இதில் கட்டுகிறவனுக்குக் கண்டம் கடைசிப் பத்து நிமிடம். ஜெயித்தாயிற்று என்று பெரிய அணி தன் சூரப்புலிகளை உட்காரவைத்துவிடும். இரண்டு பக்கமும் மூன்றாம் வரிசைப் பையன்கள் இறங்குவார்கள். சீசன் முழுக்க பெஞ்சைத் தேய்த்த ஒருவன் உயிரைக் கொடுத்து ஓடி, யாருக்கும் வேண்டாத ஒரு புள்ளியை வாங்கிவிடுவான். ஆட்டம் மாறாது, பந்தயம் கவிழ்ந்துவிடும். அதற்குப் பின்வாசல் புள்ளி என்று பெயர். எத்தனையோ மூன்றாம் வரிசைப் பையன்களை ஹார்லன் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து வாயில் வந்தபடி திட்டியிருக்கிறார்.

அவருடைய மகன் டானர், ஹேரல் கல்லூரி அணியில் மூன்றாம் வரிசைப் பையன்.

ஹேரல் சின்னக் கல்லூரி. டானர் பந்தை வாங்கி ஓடுகிறவன். அவனுக்கு முன்னால் டெவாண்டே என்ற ஒருவனும் இன்னொருவனும் இருந்தார்கள். இரண்டு வருஷமாக டானர் கால்சட்டையில் புல் கறை படாமலே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். கல்லூரியில் சேர்ந்த புதிதில் விளையாட்டு வீரர்களைக் கூப்பிட்டுச் சூதாட்ட விதிகளைச் சொல்லி எச்சரித்திருந்தார்கள். அந்த வார இறுதியில் வீட்டுக்கு வந்தவன், லாரியைக் கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் நேராகப் போய் நின்றான்.

"அப்பா, நான் இருக்கற அணி ஆடற ஆட்டத்துல நீங்க கட்டக்கூடாது. யாருக்குக் காயம், யார் ஆடமாட்டாங்கன்னு என்கிட்ட கேட்டுட்டுப் போயும் கட்டக்கூடாது. தெரிஞ்சா என்னைத் தூக்கிருவாங்க."

"சத்தியமாக் கட்டமாட்டேன்டா" என்று ஹார்லன் சொன்னார். மனதாரத்தான் சொன்னார். இரண்டு வருஷம் அந்த வார்த்தையைக் காப்பாற்றவும் செய்தார். ஊரில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ வாக்குக் கொடுத்துக் காற்றில் விட்ட மனிதர், மகனுக்குக் கொடுத்ததை மட்டும் காப்பாற்றுவதில் ஒரு கர்வமே வைத்திருந்தார்.

மூன்றாவது வருஷத்து முதல் சனிக்கிழமை அவருக்குப் பேரிடி. மூன்று ஆட்டங்களில் கட்டினார், மூன்றும் போயிற்று. கூரைக்குப் புது ஓடு போட நெல்டா சேர்த்திருந்த பணம் அதில் போயிற்று. அவளுக்கு இன்னும் தெரியாது. அடுத்த சனிக்கிழமைக்குள் அதை எடுத்த இடத்தில் வைத்தாகவேண்டும் என்று ஹார்லன் தவித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் ஹேரல் கல்லூரி உதை வாங்கப் போகிற முறை வந்தது. மாநிலத்திலேயே பெரிய பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். வித்தியாசம் முப்பத்தெட்டரை.

புதன்கிழமை சாயங்காலம் டானர் ஃபோன் செய்தான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நுழைவுச்சீட்டு வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னான். ஹார்லன் வெயிலைப் பற்றிப் பேசினார், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். பிறகு, டெவாண்டே போன ஆட்டத்தில் நொண்டினானே, எப்படி இருக்கிறான் என்று அக்கம்பக்கத்துப் பையனை விசாரிக்கிற மாதிரி விசாரித்தார்.

"கணுக்கால் வீங்கிருக்கு. சனிக்கிழம ஆடமாட்டான்ப்பா. அதனால நான்..."

"நிச்சயமா ஆடமாட்டானா?"

"டாக்டரே சொல்லிட்டாரு. அதான், கோச் என்ன சொன்னாருன்னா..."

"சரிடா, சரிடா. உடம்பப் பாத்துக்க. அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று ஃபோனை நெல்டாவிடம் நீட்டிவிட்டார். அவர் மனம் அதற்குள் டயர் கடைக்குப் போய்விட்டது. டெவாண்டே இல்லாத ஹேரலுக்குப் புள்ளி எங்கிருந்து வரும்? இந்தச் செய்தி வித்தியாசம் போடுகிறவனுக்கு இன்னும் எட்டியிருக்காது. இப்படி ஒரு வாய்ப்பு வருஷத்துக்கு ஒரு தடவை வரும்.

வாக்கு என்று ஒன்று இருக்கிறதே என்று மனசாட்சி முனகாமல் இல்லை. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. டானர் ஆடுகிற ஆட்டத்தில்தானே கட்டமாட்டேன் என்றேன், பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பது ஆடுவதா? மகன் வாயில் வந்த வார்த்தை அப்படி இல்லை, 'நான் இருக்கற அணி' என்றுதான் அவன் சொன்னான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் வார்த்தையை வளைத்தார். வியாழக்கிழமை மத்தியானம் லாரியை டயர் கடை ஓரமாக நிறுத்தி, பெரிய அணி முப்பத்தெட்டரைக்கு மேலே ஜெயிக்கும் என்று கடனுக்குக் கட்டினார். ஸ்டப்ஸ் புருவத்தைத் தூக்கினான்.

"உன் பையன் அணி ஆச்சே ஹார்லன்."

"அவன் ஆடமாட்டான்" என்றார் ஹார்லன்.

முப்பது வருஷமாகப் பின்வாசல் புள்ளிக்காரர்களைத் திட்டிவந்தவருக்கு, அந்தப் பின்வாசலில் நிற்கப்போவது யார் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை நம்பமுடியவில்லை. எந்தச் சிறுகல்லூரியிலும் மூன்றாவது ஆளின் பேர் அவருக்குத் தெரியும். சொந்த மகனை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. இத்தனைக்கும் டெவாண்டே உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் இரண்டாவது ஆள் ஆகிறான்.

சனிக்கிழமை காலையிலேயே வெயில் தோலை உரித்தது. ஹேரல் பெற்றோர்கள் வண்டிகளின் பின்கதவைத் திறந்துவைத்து, இறைச்சி வாட்டி, அவித்த நிலக்கடலையைத் தொன்னை தொன்னையாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உதை வாங்கப் போகிற வீட்டுச் சனம் மாதிரியே இல்லை, திருவிழாவுக்கு வந்த மாதிரி இருந்தார்கள். இன்றைக்கு நம்ம பிள்ளைகள் வாங்குகிற ஒவ்வொரு உதைக்கும் வாத்தியக் குழுவுக்கு ஒரு ஊதுகுழல் வரும் என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நெல்டா மகனின் எண் போட்ட சட்டை அணிந்திருந்தாள், ஹார்லனுக்கும் ஒன்று தைத்து வைத்திருந்தாள். அவர் அதைப் போட்டுக்கொண்டார். முதுகில் மகன் பேர், வயிற்றில் மகன் தோற்கவேண்டும் என்ற ஆசை.

ஆட்டம் ஹார்லன் நினைத்தபடியே நடந்தது. பாதி ஆட்டத்தில் முப்பத்தைந்துக்கு ஏழு. கடைசிக் கால்பகுதியில் ஐம்பத்திரண்டுக்கு ஏழு. நாற்பத்தைந்து புள்ளி வித்தியாசம். ஹார்லன் வெகுநாளைக்குப் பிறகு காலை நீட்டி உட்கார்ந்தார். நெல்டாவுக்குக் குளிர்ந்த தேநீர் வாங்கிக் கொடுத்தார். இதோடு விட்டுவிடுவோம், கூரைப் பணத்தை வைத்துவிட்டுத் தலைமுழுகிவிடுவோம் என்று மனதுக்குள் தீர்மானம்கூடச் செய்தார். ஜெயிக்கிறபோதுதான் அவருக்கு இந்தத் தீர்மானம் வரும்.

அப்போது நெல்டா அவர் தொடையைப் பிடித்து அழுத்தினாள். டானர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தான்.

முதல் ஓட்டத்தில் நான்கு கஜம். அடுத்ததில் பதினொன்று. பெற்றோர் வரிசை எழுந்து நின்றது. ஹார்லனும் எழுந்தார். மகன் ஓடுவதைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் இல்லை. இங்கேயே விழுந்து ஆட்டம் முடிந்தால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது. மூன்றாவது முறை பந்தை வாங்கிய டானர் ஒருவனைத் தோளால் இடித்துத் தள்ளினான், ஒருவனை ஏமாற்றி வளைந்தான், பிறகு அவனுக்கு முன்னால் யாருமே இல்லை. கோட்டைத் தாண்டிப் போய் முழங்காலில் விழுந்தான். சக பையன்கள் அவன்மேல் விழுந்தார்கள்.

கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. ஐம்பத்திரண்டுக்குப் பதின்மூன்று. வித்தியாசம் முப்பத்தொன்பது. ஹார்லன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இன்னும் போகவில்லை, அரைப் புள்ளியில் உயிர் இருக்கிறது. இனி பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பார்கள், உள்ளே போனால் இன்னும் ஒரு புள்ளி. சுற்றிலும் எல்லோரும் குதித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ முதுகில் அறைந்தார்கள், யாரோ தலையைப் பிடித்து ஆட்டினார்கள், நெல்டா அழுதுகொண்டே அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஹார்லன் கண் உதைக்கப்போகிற பையன்மேல் இருந்தது. 'வெளிய போ, வெளிய போ' என்று உதடு முணுமுணுத்தது. பந்து நேராக நடுவில் போயிற்று. வித்தியாசம் முப்பத்தெட்டு. அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

ஒருவன் முதல்முறையாகப் புள்ளி எடுத்தால் டிவிக்காரர்கள் அவனைப் பெற்றவர்களைத் தேடிப் பிடித்துக் காட்டுவார்கள். இதையும் ஹார்லன் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். கையை எடுத்தபோது மைதானத்துப் பெரிய திரையில் தன் முகத்தைப் பார்த்தார். குதிக்கிற நெல்டா, பக்கத்தில் குனிந்து உட்கார்ந்த தான். அந்தக் காட்சியைப் பிறகு மறுபடியும் போட்டார்கள், உதடு அசைவது முதற்கொண்டு. தகப்பன் ஆனந்தத்தில் பிரார்த்தனை செய்கிறார், பேச்சில்லாமல் அழுகிறார் என்று வர்ணனையாளர்கள் உருகினார்களாம். கீழே மைதானத்தில் எல்லாப் பையன்களும் திரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். டானரும்தான்.

ஆட்டம் முடிந்து பேருந்துக்குப் பக்கத்தில் குடும்பங்கள் காத்திருந்தன. டானர் வந்து அம்மாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். அவள் அவன் முகத்தைத் தடவிவிட்டு, இன்னொரு பையனின் தாயோடு பேசத் திரும்பினாள். டானர் அப்பாவுக்கு எதிரே வந்து நின்றான். கட்டிக்கொள்ளவில்லை.

"வித்தியாசம் எவ்வளவுப்பா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஹார்லன் "முப்பத்தெட்டர" என்றே சொன்னார்.

டானர் உதட்டுக்குள் கணக்குப் போட்டான். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அதற்கு நேரமாகவில்லை. "அப்ப அந்தக் கடைசி உதையில போச்சு" என்றான்.

"டானர், நீ ஆடமாட்டன்னு நெனச்சுத்தான்..."

"புதன்கிழம நான் சொல்ல வந்தது அதத்தாம்ப்பா. டெவாண்டே இல்ல, அதனால நான் உள்ள எறங்குவேன்னு கோச் சொன்னாரு. அதச் சொல்லத்தான் ஃபோன் பண்ணேன். நீங்க அம்மாகிட்ட குடுத்துட்டீங்க."

அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் ஹார்லனும் பதிலுக்குக் கத்தியிருப்பார், கத்தியே தப்பித்திருப்பார். டானர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறிவிட்டான். நெல்டா திரும்பி வந்தபோது கணவனின் முகத்தைப் பார்த்தாள், பேருந்தைப் பார்த்தாள். வண்டிச் சாவியைக் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். பாதி வழியில் ஹார்லன் தானாகவே எல்லாவற்றையும் சொன்னார், கூரைப் பணம் உட்பட. கூரை கிடக்கட்டும் என்றாள் நெல்டா.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவரைக் கொண்டாடினார்கள். பாதிரியார் பிரசங்கத்திலேயே சேர்த்துவிட்டார், மகனுக்காகக் கண்ணீர் விடத் தெரிந்த தகப்பன் என்று. ஆண்கள் வரிசையாக வந்து கை குலுக்கினார்கள், பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நெல்டா பக்கத்து இருக்கையில் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி இருந்தாள். ஹார்லன் எல்லோருக்கும் நன்றி சொன்னார். முகத்தில் காறித் துப்பியிருந்தால்கூட அவருக்கு அந்த அளவு எரிந்திருக்காது.

அந்த வாரம் டானர் ஃபோன் செய்தான். அம்மாவின் ஃபோனுக்குச் செய்தான். நெல்டா பின்வாசல் படியில் போய் உட்கார்ந்து பேசினாள். உள்ளே வந்தபோது, என்ன சொன்னான் என்று ஹார்லன் கேட்டார். நல்லா இருக்கான் என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். ஹார்லன் மகனின் எண்ணுக்கு இரண்டு முறை அழைத்தார், மன்னிப்புக் கேட்கும் வாசகங்களைக்கூட லாரியில் போகும்போது சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை பாக்கியைத் தீர்க்க டயர் கடைக்குப் போனார். தீர்த்துவிட்டு இனி இந்தப் படி ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டு வருவதாக எண்ணம். ஸ்டப்ஸ் பணத்தை வாங்கி மேசைக்குள் போட்டுவிட்டு, பல்லைக் காட்டினான்.

"பெரிய ஆளுப்பா நீ. இவ்ளோ பெரிய விஷயத்த மூச்சு விடலியே."

"எத?"

"நாளைக்கு உன் பையன்தான மொத ஆளா எறங்கறான். டெவாண்டேக்கு இந்த சீசனே முடிஞ்சுதாம், ரெண்டாவது ஆளயும் உக்கார வெச்சுட்டாங்களாம். காலையிலேயே வித்தியாசம் ரெண்டு புள்ளி நகந்துருச்சு. ஊர்ல எல்லாரும் இதத்தான் பேசறாங்க."

"தெரியும்" என்றார் ஹார்லன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே வெளியே வந்தார்.

லாரியில் ஏறி உட்கார்ந்தார். பிறகு நெல்டாவுக்கு ஃபோன் செய்தார். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது.

"டானர் நாளைக்கு மொத ஆளா எறங்கறானாமே" என்றார். "என்கிட்ட ஏன் சொல்லல?"

தட்டுச் சத்தம் நின்றது. அவள் எங்கோ ஓரமாக ஒதுங்கியிருக்கவேண்டும்.

"சொல்லவேண்டாம்னு அவன்தான் சொன்னான்" என்றாள். பிறகு கேட்டாள். "உனக்கு யாரு சொன்னது, ஹார்லன்?"

டயர் கடை வாசலில் லாரிக்குள் உட்கார்ந்திருந்த ஹார்லன், எதிரே தொங்கிய ஸ்டப்ஸின் பலகையைப் பார்த்தபடி வண்டிச் சாவியைத் திருப்பினார்.